ஆறி வருகிற காலோடு ஓடுவது: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு

ஓடத் தொடங்கிய முதல் வருடத்தில் கால் எங்கேயாவது ஓரிடத்தில் மக்கர் செய்வது புதியவர்களுக்கு வாடிக்கை. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். தசை அதற்குச் சற்றுப் பின்னால் வரும். எலும்பும், தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாணும் தேறி வர மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காமல் 5 கிலோமீட்டர் ஓடிவிட்ட சந்தோஷத்தில் பத்துக்குப் போகிற வாரத்தில்தான் முன்னங்கால் எலும்போ, குதிகாலோ, முழங்கால் சில்லோ வலிக்க ஆரம்பிக்கும்.

அப்படி வலி வந்து ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி எப்போது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்து மண், வீடு, வெயில் எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதியது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காயம் ஆறுகிற மாதங்களை ஓட்டத்தோடு சேர்த்தே எண்ணுங்கள். 1 நிமிடம் ஓடி 2 நிமிடம் நடப்பதும் ஓட்டம்தான். அதை ரசித்து ஓடப் பழகியவருக்கு அவசரம் குறைகிறது. அவசரம் குறைந்தால் அதே இடத்தில் இரண்டாம் முறை அடிபடும் வாய்ப்பும் குறைகிறது.

வீட்டில் பார்க்கலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

கணுக்கால் பிசகியிருந்தால் 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு. அடுத்து உள்பக்கம், பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பு. இவற்றில் ஏதாவது ஓர் எலும்பின் மேலேயே வலித்தாலோ, அடிபட்டபோதும் இப்போதும் தொடர்ந்து 4 அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வலி சதையில் மட்டும் இருந்து, நடக்கவும் முடிந்தால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அது பெரும்பாலும் சுளுக்கு, அதாவது ஜவ்வு இழுபட்டது.

முன்னங்கால் எலும்பில் வருகிற வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவி வலித்தால் அது பெரும்பாலும் எலும்பு உறைக்கு வந்த எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஆனால் “இங்கே” என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், ஓடஓட வலி ஏறினால், இரவில் படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தால், எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் இந்தக் கீறல் தெரியாமலே போவதுண்டு. “எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஓடலாம்” என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். வலி குறையவில்லை என்று மறுபடி போய்ச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பார்கள்.

கால் ஊன்றும்போது கவட்டுக்குள் ஆழமாக வலித்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விழும் கீறல் முழு முறிவாக மாறினால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போகும். ஒரு பக்கத்து ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் கீழே சொல்லப்போகும் வலிக் கணக்கை நம்பி ஓடக் கூடாது. வலியே தெரியாத காலில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் எலும்புக் கீறலும் சேர்ந்து வந்தால், ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று பொருள் இருக்கலாம். இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் மூன்று நாள்

சுளுக்கு என்று தெரிந்ததும் நம் பக்கத்து வீடுகளில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம். “நீவி விட்டாச் சரியாப் போயிரும்ப்பா” என்று ஆச்சி பாசத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் முதல் மூன்று நாளில் அழுத்தி நீவினால் உள்ளே கசியும் ரத்தம் கூடும், வீக்கம் ஏறும். அடியில் முறிவு இருந்தால் கேடு அதைவிடப் பெரிது. “மூணு நாள் போகட்டும் ஆச்சி, வீக்கம் வடிஞ்சதும் நீவிக்கலாம்” என்று சொல்லுங்கள். சூடான ஒத்தடத்துக்கும் இதே பதில்தான்.

க்ரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து தொடங்கி மேலே முழங்காலை நோக்கிச் சுற்றுங்கள். விரல் வெளுத்தாலோ, மரத்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். படுக்கும்போது கழற்றிவிடலாம். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி இரண்டு தலையணை மேல் வையுங்கள். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் நாள் முழுக்க அதில் காலைத் தொங்கவிட்டு உட்காரத் தோன்றும். வீக்கம் வடியாமல் போவதற்கு அது ஒன்றே போதும். ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், வலியைத் தணிப்பதற்கு மட்டும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்பாடு மாற்றிச் சொன்னார். முழு ஓய்வும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். அசையாமல் கிடக்கிற தசை வேகமாக மெலியும்.

நடை

வலியில்லாமல் நடக்க முடியாத காலால் ஓட முடியாது. அதனால் முதல் படி நடைதான். சமதளத்தில், ஷூ போட்டுக்கொண்டு, காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். நொண்டாமல் நடக்கிற வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம். இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். கை வீசி வேகமாக 30 நிமிடம் நடந்து, மறுநாள் காலையிலும் வலி கூடாமல் இருந்தால் நடைப் படியைத் தாண்டிவிட்டீர்கள். எலும்புக் கீறல் விழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மருத்துவர் அனுமதித்த பிறகுதான் தொடங்கும். பெரும்பாலான கீறல்கள் ஆறுவதற்கு 6 முதல் 8 வாரம் பிடிக்கும், சில இடங்களில் இன்னும் கூடுதலாகும்.

இந்தக் கட்டத்தில் செட்டிநாட்டு வாழ்க்கைக்கே உரிய சில இடைஞ்சல்கள் உண்டு. ஒன்று, வீட்டுத் தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணுக்குக் குளுமையாக இருக்கும். குதிகால் வலிக்காரருக்கோ வெறுங்காலோடு அதில் விடியற்காலை வைக்கிற முதல் அடி ஊசி குத்துவதுபோல் இருக்கும். இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பாதத்தின் அடித்தசைநார் கட்டித் தரையில் ஒரேயடியாக இழுபடுவதுதான் காரணம். வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்கிற வீடாக இருந்தால், வாசலைத் தாண்டாத மெத்தென்ற தனி ஜோடி ஒன்றைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெருவை மிதிக்காத செருப்பு என்று விளக்கினால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தேய்ந்த ஹவாய் செருப்போடு நாள் முழுக்கக் கடையில் நிற்பதும் இதே வலியை வளர்க்கும்.

இன்னொன்று, படி. முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். மடங்கிய முழங்காலில் உடம்பின் பாரம் முழுவதும் இறங்குகிற வேலை அது. குன்றக்குடி மலைக்கோயிலுக்குப் போனால் கைப்பிடியைப் பிடித்து, அடிபட்ட காலை முதலில் கீழே வைத்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள். சப்பணமிட்டு உட்கார்வது, குந்தி உட்கார்வது இரண்டையும் சில வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழனிப் பாதயாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து போவது இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். வேண்டுதல் வேண்டுதல்தான், அதில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆனால் பல நாள் தொடர்ந்து, அதுவும் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பது ஆறிவரும் பாதத்துக்கு மிகப் பெரிய பாரம். நடக்கிறதுதானே, ஓட்டம் இல்லையே என்று கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். போவதென்று முடிவெடுத்தால் கார்த்திகையிலிருந்தே நடை நேரத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாத்திரைக்கு முந்தைய வாரமும், திரும்பிய பிறகு இரண்டு வாரமும் ஓட்டத்தை நிறுத்தி வையுங்கள்.

திண்ணைப் படியில் செய்யும் வேலை

வலி அடங்கியதும் பலர் நேராக ஓடப் போய்விடுகிறார்கள். வலி போனதால் பலம் வந்துவிட்டதாகாது. ஓய்வில் மெலிந்த தசையைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை இங்கேதான் நடக்கிறது. இதற்கு ஜிம் வேண்டாம். திண்ணைப் படி, பிடித்துக்கொள்ள ஒரு தூண், வழவழப்பான சுவர், ஒரு துண்டு போதும். படி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், காலில் சாக்ஸ் வேண்டாம். வழவழப்பான தரையில் சாக்ஸோடு ஒற்றைக் காலில் நின்று விழுந்தால் இன்னொரு காயம் சேரும்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாணில் வலி இருப்பவர்களுக்கு ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. முன்பாதத்தைப் படி விளிம்பில் வைத்து, குதிகால் வெளியே தொங்கும்படி நில்லுங்கள். தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எம்பி உயருங்கள். இப்போது நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கும் காலால் மட்டும், குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்குங்கள். மறுபடி உயர்வதற்கு நல்ல காலைப் பயன்படுத்துங்கள். முழங்காலை நீட்டியபடி 15 முறை, 3 சுற்று. முழங்காலைச் சற்று மடக்கியபடி 15 முறை, 3 சுற்று. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஆக ஒரு நாளைக்கு 180. இப்படி 12 வாரம். செய்யும்போது கொஞ்சம் வலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். எளிதாகிவிட்டால் தோள்பையில் 2 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு விதிவிலக்கு: வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் அது குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் இருந்தால் குதிகாலைக் கீழே இறக்காதீர்கள். சமதரையிலேயே செய்யுங்கள். இறக்கினால் தசைநாண் எலும்பில் நசுங்கி வலி கூடும்.

குதிகாலின் அடியில் வலிப்பவர்கள் துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, விரல் மேல்நோக்கி மடங்கியிருக்க, ஒற்றைக் காலில் உயர்ந்து இறங்க வேண்டும். உயர 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முறை இது. வெறும் நீட்டல் பயிற்சியைவிட மூன்று மாதத்தில் நல்ல பலன் கொடுத்தது.

முழங்காலுக்கு: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல் 45 விநாடி நில்லுங்கள், 5 முறை. வலித்தால் இன்னும் மேலே ஏறி நில்லுங்கள், ஆழம் முக்கியமில்லை. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்குவது 15 முறை, 3 சுற்று. இடுப்புப் பக்கத் தசை தளர்ந்திருந்தால் ஓடும்போது முழங்கால் உள்பக்கம் சாயும், சில்லு உரசும். சுளுக்குக்கு: ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. பல் துலக்கும்போதே செய்துவிடலாம். எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஜவ்வு இழுபட்டால் பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடும். திரும்பத் திரும்பக் கால் பிசகுவது அதனால்தான்.

ஓடத் தொடங்கலாமா என்று பார்க்க நான்கு சோதனை: 30 நிமிட வேகநடை, ஒற்றைக் காலில் 20 முறை குதிகாலை உயர்த்துவது, அதுவும் நல்ல காலின் அதே உயரத்துக்கு, ஒற்றைக் காலில் 30 விநாடி ஆடாமல் நிற்பது, ஒற்றைக் காலில் 10 முறை குதிப்பது. நான்கிலும் வலியும் தயக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். குதிக்கப் போகும்போது மனம் பின்வாங்கினால் அதையும் தோல்வியாகவே எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

ஓட்டமும் நடையும்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் குறைந்தது ஒருநாள் இடைவெளி. ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் 5 நிமிடம் நடை. முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை. இரண்டாம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை. மூன்றாம் வாரம் 3-க்கு 2 என்று 4 முறை. நான்காம் வாரம் 5-க்கு 2 என்று 3 முறை. ஐந்தாம் வாரம் 8-க்கு 2 என்று இரண்டே முறை. ஆறாம் வாரம் 20 நிமிடம் தொடர்ச்சியாக. ஓடும் நேரம் மட்டும் 6, 10, 12, 15, 16, 20 நிமிடம் என்று ஏறுகிறது. ஒரு படியை மூன்று நாளும் தொந்தரவில்லாமல் முடித்தால்தான் அடுத்தது. முடியவில்லை என்றால் அதே வாரத்தைத் திருப்பிச் செய்யுங்கள். ஆறு வாரம் என்பது பத்து வாரமானால் குறைவில்லை.

இடைவெளி நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தை ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சாகப் பூசினார்கள். எலும்பும் தசைநாணும் அப்படித்தான். ஓட்டம் அவற்றைச் சற்றுக் கலைக்கிறது, இறுகுவது மறுநாள் ஓய்வில்தான் நடக்கிறது.

வேகம்? பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே போகிற வேகம். கடிகாரத்தில் நேரத்தை மட்டும் பாருங்கள். காயத்துக்கு முன் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கைப் போனில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். அடியைச் சின்னதாக, அடிக்கடி வைப்பது உதவும். வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152 அடி. அதை 40 ஆக்கினால் 160. அடி எண்ணிக்கையை இப்படி 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் ஏறும் பாரம் குறைவதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள்.

ரசிப்பதற்கும் இதுதான் சமயம். 20 கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற நாளில் தெருவையும் கால் விழுவதையும் யாரும் கவனிப்பதில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ விடியற்காலை ஐந்தரைக்கு, இரு பக்கமும் நெடுஞ்சுவர் எழுந்த நேர்த் தெருவில் ஓடும்போது உங்கள் கால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேளுங்கள். தப், தப், தப் என்று இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் விழுகிறதா? ஒன்று தப், மற்றது தட் என்று விழுந்தால், வலி இன்னும் தெரியாவிட்டாலும் ஒரு காலை நீங்கள் காப்பாற்றி ஓடுகிறீர்கள். உடனே நடைக்கு மாறுங்கள், அடுத்த சுற்றில் மறுபடி கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் முழுக்க மூச்சும் காலும் சேர்ந்து போவதை உணர்வது தனிச் சுகம். ஓட முடியாமல் இருந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டால் இது எதுவும் கிடைக்காது.

வலியை எண்ணால் அளப்பது

வலியே இல்லாதது 0, தாங்க முடியாதது 10. ஓடும்போது 2 வரை இருந்தால் தொடரலாம். 3, 4 என்றால் நடைக்கு மாறுங்கள், குறைந்தால் மட்டும் மறுபடி ஓடலாம். 5-ஐத் தொட்டால் அன்றைக்கு முடிந்தது. எண் எதுவாக இருந்தாலும் நொண்டத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். மயிரிழைக் கீறல் விழுந்த இடத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே 1 வந்தாலே நிறுத்துங்கள்.

ஓடும்போது காட்டும் எண்ணைவிட மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் பத்து அடி நம்பகமானது. குறிப்பாகத் தசைநாண் வலி ஏமாற்றும். ஓடத் தொடங்கும்போது வலித்து, சூடேறியதும் காணாமல் போய், ஓடி முடிக்கும்போது ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். மறுநாள் காலையில்தான் விறைப்பும் வலியும் சேர்ந்து வரும். முந்தைய நாள் காலையைவிட இன்று கூடுதலாக வலித்தால், 24 மணி நேரத்தில் அது பழைய நிலைக்கு வரவில்லை என்றால், ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஒரு நோட்டில் தேதி, ஓடிய நிமிடம், ஓடும்போது வலி, மறுநாள் காலை வலி, தூங்கிய மணி நேரம் என்று ஐந்தே தகவல் எழுதி வாருங்கள். இரண்டு வாரம் போனதும் எந்த நாளுக்குப் பிறகு வலி ஏறியது என்று நோட்டே காட்டிக் கொடுத்துவிடும். பிசியோவிடம் (இயன்முறை மருத்துவரிடம்) போகும்போதும் அதைக் கையோடு கொண்டு போங்கள். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய வலியை அது மறைத்துவிடும்.

எங்கே ஓடுவது

முதல் ஆறு வாரத்துக்குச் சமமான, இறுகிய மண் தரைதான் நல்லது. காரைக்குடியில் அழகப்பா கல்வி வளாகத்தைப் போன்ற மைதானங்களில், அனுமதி கேட்டுக்கொண்டு ஓடலாம். கண்மாய்க் கரை அழகான இடம்தான், ஆனால் வண்டித்தடமும் சரளையுமாக மேடுபள்ளம். சுளுக்கு ஆறியவர்கள் ஆறு வாரம் முடிந்த பிறகு அங்கே போகலாம். குதிகால் வலிக்காரர்கள் மணல் பதிகிற இடத்தைத் தவிருங்கள். குதிகால் புதைந்து தசைநாண் அதிகமாக இழுபடும். ஊருணியைச் சுற்றி ஓடுகிறவர்கள் பாதி நேரத்தில் திசையை மாற்றுங்கள். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஓடினால் ஒரே காலுக்கே பாரம் சேரும். ரோட்டோரச் சரிவிலும் இதே பிரச்சினை உண்டு. தாழ்ந்த பக்கத்துக் கால் நீளம் குறைந்ததுபோல் வேலை செய்யும்.

செம்மண் காட்டோரம் ஓடினால் சீமைக்கருவேல முள்ளைக் கவனியுங்கள். அது ஷூவின் அடித்தட்டைத் துளைத்து உள்ளே நுழைந்து, வெளியே முறிந்துவிடும். பாதத்தைக் குத்தாமல் உள்ளேயே நின்றுவிட்டால், அந்த இடத்தில் அழுத்தம் தெரிந்து நீங்கள் அறியாமலே பாதத்தைச் சாய்த்து ஓடுவீர்கள். ஓடி முடித்ததும் உள்தட்டை வெளியே எடுத்து, ஷூவுக்குள் கைவிட்டுக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். நெருடினால் சின்ன இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். ஷூவே பழையதாகி 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் திரும்பி வரும் இந்த வாரங்களில் வேறு மாதிரி ஷூவுக்குத் தாவாதீர்கள், அதே மாதிரியைப் புதிதாக வாங்குங்கள்.

தெரு நாய் துரத்தினால் வேகமெடுத்து ஓடுவது இயல்பு. ஆடுசதையோ பின்தொடையோ ஆறிவரும்போது அந்த ஒரு பாய்ச்சலே தசையை மறுபடி கிழித்துவிடும். நின்று, நாயைப் பார்த்தபடி மெதுவாக நடந்து கடந்து போங்கள். நாய்த் தொல்லை உள்ள தெருவென்றால் வேறு தெரு பாருங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஐந்தரைக்குள் தொடங்கி ஆறேகாலுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த ஊருணிப் படியில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். மழை விடாத நாளில் வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி நடக்கலாம். ஓட வேண்டாம், மூலைக்கு மூலை திரும்புவது முழங்காலைத் திருகும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: ஓடவில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள், ஆறுவதற்கும் சத்து வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் பருப்பு, பால், சுண்டல், கோழி, மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கும்மாயமும் உளுந்தங்களியும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், தப்பில்லை, ஆனால் அதனால் கீறல் ஒரு வாரம் முன்னதாக ஒட்டிவிடும் என்று தேதி குறிக்காதீர்கள்.

எங்கே சறுக்குகிறது

பெரும்பாலும் மூன்றாம் நான்காம் வாரத்தில். வலி இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது, சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்ததால் இதயம் பழைய பலத்தோடு இருக்கிறது. அப்போது 15 நிமிடத்தை 40 ஆக்கத் தோன்றும். இதயத்துக்கு அது தாங்கும், ஆறு வாரமாகப் பாரம் பார்க்காத எலும்புக்குத் தாங்காது. சைக்கிளை விட வேண்டியதில்லை, ஓடாத நாளில் அது நல்ல துணை. ஆனால் அதில் கிடைத்த தெம்பை வைத்து ஓட்டத்தின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, தவறவிட்ட நாளை ஈடுகட்டுவது. விசேஷ வீட்டுக்குப் போய் இரண்டு நாள் போயிற்று என்று சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஓடினால் இடைவெளி போய்விடும். போன நாள் போகட்டும். மூன்றாவது, ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம்: புது ஷூவும் புதுப் பாதையும், கூடுதல் நேரமும் கூடுதல் வேகமும். வலி வந்தால் எதனால் என்றே தெரியாது.

வலி திரும்பி வந்துவிட்டால் முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று நாள் நடை மட்டும், பிறகு வலி வராத கடைசிப் படி எதுவோ அங்கிருந்து. இரண்டு முறை இப்படி இறங்கியும் அதே இடத்தில் வலித்தால் பிசியோவிடம் ஓடிக் காட்டுங்கள். படுக்கையில் படுத்துக் காட்டினால் தெரியாத பல குறைகள் ஓடும்போது தெரியும்.

20 நிமிடத்துக்குப் பிறகு

தொடர்ச்சியாக 20 நிமிடம் மூன்று முறை ஓடிவிட்டால், வாரத்துக்கு 5 நிமிடம் என்ற கணக்கில், மூன்றில் ஒரு நாளை மட்டும் நீட்டிக்கொண்டு போங்கள். அது 40 நிமிடம் ஆனதும் நான்காவது நாளைச் சேர்க்கலாம். வேகம் அதற்கும் பிறகு. முதலில் சாதாரண ஓட்டத்தின் முடிவில் 15 விநாடி விரைவாக ஓடி, மூச்சு அடங்கும்வரை நடப்பது, 4 முறை, வாரத்துக்கு ஒருநாள். இரண்டு வாரம் தொந்தரவில்லை என்றால் 6 முறை. ஏற்றமும் இறக்கமும் கடைசி. இறக்கத்தில் வேகமெடுப்பதை எல்லாவற்றுக்கும் பின்னால் வையுங்கள்.

திண்ணைப் படிப் பயிற்சியை வலி போனதோடு நிறுத்திவிடாமல் வாரத்துக்கு இரண்டு நாள் தொடருங்கள். பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், காயத்துக்கு முந்தைய வாரத் தூரத்தில் முக்கால் பங்கையாவது நான்கு வாரம் வலியில்லாமல் ஓடியிருக்க வேண்டும். அந்த நான்கு வாரமும் நோட்டில் மறுநாள் காலை வலிக்கு நேரே 0 அல்லது 1 என்றே இருந்தால் பெயரைக் கொடுங்கள். முதல் பந்தயத்துக்கு 10 கிலோமீட்டரை விட்டு 5-ஐ எடுங்கள், வழக்கமான வேகத்திலேயே ஓடுங்கள்.